ஊருக்குப் போன பெண்பிள்ளைகள்

பாரத தேசத்துக் குடிமக்கள் எல்லாரும் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, முடிந்தால் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது. அரசாங்கப் பணத்தில் நடக்கும் கல்வி ஆராய்ச்சி எதுவும் இனிமேல் அலமாரியில் தூசி தின்றுகொண்டு கிடக்காது. மக்கள் வரிப்பணத்தில் செய்த ஆராய்ச்சி மக்களுக்கே சொந்தம் என்று டெல்லியில் ஓர் இலாகா கண்டுபிடித்துவிட்டது. ஆகவே அந்த இலாகாவிடம் பணம் வாங்கி ஆராய்கிறவர் எவரானாலும், ஆராய்ந்து முடித்த கையோடு முழு அறிக்கையையும் இணையதளத்தில் ஏற்றிவிட வேண்டும். படித்தவன், படிக்காதவன், பங்களாவாசி, ஒற்றையறைவாசி என்ற பேதமில்லாமல் யார் வேண்டுமானாலும் காலணா கொடுக்காமல் அதைத் திறந்து படித்து அறிவு பெறலாம்.

இந்த மகத்தான செய்தி தாராவியில் விஜயலட்சுமியின் காதில் விழுந்தபோது அவள் கல்லில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தோசை கருகிப்போயிற்று.

"ஏட்டி விஜி, கருகல் வாட அடிக்கே" என்றாள் பக்கத்தில் சட்னி அரைத்துக்கொண்டிருந்த மீனாட்சியம்மாள். விஜி காதில் அது ஏறவில்லை.

செய்தியைக் கொண்டுவந்தவர் மீனாட்சியம்மாளின் கணவர் பிரம்மநாயகம். விஜியின் செத்துப்போன புருஷனுக்கு அண்ணன், அவளுக்கு அத்தான். தெருச் சங்கத்தின் தலைவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்த ஒரே சாதிக்காரர்கள் ஒரே தெருவில் அடைந்து கிடப்பதற்குச் சங்கம் என்று பெயர். கோயில் கொடை விழா நடத்துவது, இழவு வீட்டுக்குப் பந்தல் போடுவது, யார் வீட்டுப் பெண் யாரோடு பேசிக்கொண்டு வந்தாள் என்று கண்காணிப்பது ஆகிய முப்பெரும் பணிகளைச் சங்கம் செய்துவந்தது. மூன்றாவது பணிக்குத்தான் தொண்டர்கள் அதிகம்.

மாட்டுங்காவில் ஒரு பெரியவர், தம் மகள் சாருலதா தாராவித் தமிழ்ப் பெண்குழந்தைகளின் படிப்பைப் பற்றிச் செய்த ஆய்வு சர்க்கார் இணையதளத்தில் வந்துவிட்டதென்று பெருமை பொங்க ஒரு தகவல் அனுப்பியிருந்தார். அது குழு குழுவாகத் தாவி, அன்று காலை பிரம்மநாயகத்தின் கைப்பேசியில் வந்து இறங்கியிருந்தது.

"நம்ம தெருவப் பத்தி டெல்லிக்காரன் புஸ்தகம் போட்டிருக்கான்" என்றார் பிரம்மநாயகம். "உலகம் பூராப் பாக்கலாமாம். அந்தப் பிள்ளைக்கு அன்னைக்கே சால்வ போட்டோம்லா, வீண் போகல."

ஞாயிற்றுக்கிழமை சங்க மண்டபத்தில் பாராட்டுக் கூட்டம், மைக் செட், லட்டு. காலேஜில் படிக்கிற ஹரி அறிக்கையைப் பிரிண்ட் எடுத்து, சபை முன்னால் தமிழில் எடுத்துச் சொல்வான். பெண்கள் கண்டிப்பாக வர வேண்டும், அவர்களைப் பற்றித்தானே புஸ்தகம். உத்தரவுகளை வரிசையாகப் போட்டுவிட்டு அவர் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

விஜி அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே, பலகைத் தட்டில் கத்தரிக்கோல் சத்தம் நின்றிருந்தது. மகள் ஷாலினியும் கேட்டுவிட்டாள்.

அந்தத் தெருவின் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஒற்றை அறை வீட்டின் பாதி உயரத்தில் பலகை அடித்து, இரும்பு ஏணி வைத்து, இன்னொரு அறை உண்டாக்கிக்கொள்வார்கள். மாளா என்று பெயர். நிமிர்ந்து நிற்க முடியாது, உட்காரலாம். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி மாளாவில் ஏற்றிவிடுவது சங்கத்தின் எழுதப்படாத சட்டம். காரணம் நியாயமானது. பத்தாவது பாஸான பெண்ணுக்குப் பன்னிரண்டு பாஸான மாப்பிள்ளை வேண்டும். பன்னிரண்டு பாஸான மாப்பிள்ளை, தான் பாஸானதை நகைக்கடைத் தராசில் வைத்து நிறுத்துக் கேட்பான். ஆகவே பெண்ணைப் பாஸாகாமல் பார்த்துக்கொள்வதே குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும். மாளாவில் அவள் சும்மாவும் இருக்க மாட்டாள். பேச்சிராஜாவின் தையல் பட்டறையிலிருந்து வந்து குவிகிற ஜீன்ஸ் பேண்டுகளில் தொங்கும் நூலைக் கத்தரித்துக்கொண்டிருப்பாள்.

பள்ளியில் எல்.சி. என்ற விலகல் சான்றிதழ் வாங்கும்போது காரணம் கேட்பார்கள். எல்லாரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: சொந்த ஊருக்குப் போகிறோம். பள்ளிக்கூடத்து ஏட்டின்படி அந்தத் தெருப் பெண்கள் எல்லாரும் சங்கரன்கோவிலிலும் தென்காசியிலும் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். கணக்கெடுக்க யாராவது வந்தால் அம்மாக்களும் அதையே சொல்வார்கள். மேலே இருமல் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும்.

சாருலதா வந்த அன்று பிரம்மநாயகமே அவளை வீடு வீடாக அழைத்துப்போனார். ஆராய்ச்சிக்குத் தனிமை வேண்டும் என்று அவள் கேட்டதால் வாசலில் குடையோடு நின்றார். தம் வீட்டில் மீனாட்சியம்மாளும் விஜியும் தனித்தனியாக உட்கார்ந்து பதில் சொன்னபோதும் அப்படித்தான் நின்றார். உள்ளே விஜி, மகள் ஊருக்குப் போயிருப்பதாக ஒப்பித்தாள். ஒப்பித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கை மாளாவைக் காட்டி மேலே போய்விட்டது. அது ஏன் போயிற்றென்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. கை போன வழியிலேயே வாயும் போயிற்று.

அன்றைக்கு அவள் பயப்படவில்லை. சர்க்காருக்காக எழுதுவதாக அந்தப் பெண் சொன்னதுதான் தைரியம். சர்க்காருக்குக் கொடுத்த எதுவும் திரும்பி வந்து விஜி பார்த்ததில்லை. ரேஷன் கார்டில் பெயர் மாற்றக் கொடுத்த மனு வரவில்லை. விதவைப் பென்ஷனுக்குக் கொடுத்த போட்டோக்கள் வரவில்லை. கிணற்றில் கல்லைப் போட்ட மாதிரி, சொன்னதும் உள்ளே போய்விடும் என்றுதான் சொன்னாள்.

இப்போது கல் மிதந்து மேலே வந்திருந்தது.

கோயிலை ஒட்டிய வீட்டு மருமகள் ஒருத்தி, முன்னொரு வருஷம், புருஷன் அடித்ததைப் போலீசில் போய்ச் சொன்னாள். சங்கம் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த வீட்டோடு பேசுவதை மட்டும் தெரு நிறுத்திக்கொண்டது. குழாயடியில் அவள் குடம் கடைசிக்குப் போயிற்று. தண்ணீர் நின்ற பிறகுதான் அவள் முறை வந்தது. மழைக்கு முன்னால் அந்தக் குடும்பம் மான்குர்த் பக்கம் போய்ச் சேர்ந்தது. அவளுக்காவது புருஷன் பேரில் ஓர் அறை இருந்தது. விஜி இருக்கிற அறையும் மாளாவும் ஏணியும் பிரம்மநாயகத்தின் பேரில் இருந்தன. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அதுவும் அவர் அடித்தது.

அவள் மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் சமையல் செய்கிறவள். புதன்கிழமை வேலை முடிந்ததும் ஈரப் புடவையோடு சாருலதாவின் வீட்டைத் தேடிப் போனாள். சாருலதா நல்ல பெண். கண்டதும் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். சாருலதாவுக்கு டவராவில் காப்பி வந்தது. விஜிக்குக் காகிதக் கப்பில் வந்தது.

விஜி காப்பியைத் தொடவில்லை. "மேடம், நான் சொன்னத மட்டும் எடுத்துருங்க."

"அது முடியாது விஜயலட்சுமி. கவர்மெண்ட் பணத்துல பண்ணினது. ஏத்தினது ஏத்தினதுதான், அதான் ரூல். நல்ல ரூல். இல்லேன்னா இதெல்லாம் ஏதாவது லைப்ரரில செல்லரிச்சுண்டு கிடக்கும்."

"அங்கயே கெடக்கட்டுமே மேடம்."

சாருலதா சிரித்தாள். அப்புறம் விஜியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். பெயர் எங்குமே இல்லை என்று சத்தியம் செய்தாள். வீட்டு எண் இல்லை, விதவை என்றுகூடப் போடவில்லை. 'தாய் ஏழு' என்று மட்டும் குறிப்பிட்டிருப்பதாகச் சொன்னாள்.

"மேல கையக் காட்டுனேனே. அது இருக்கா?"

சாருலதாவின் முகம் மலர்ந்தது. "அதுதானே அந்தச் சாப்டருக்கே தலைப்பு."

திரும்பி வரும்போது விஜி ரயில்வே பாலத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள். கீழே தண்டவாளத்தில் தண்ணீர் ஏறியிருந்தது. ஷாலினியை எங்கே கூட்டிக்கொண்டு போவது? சீத்தா கேம்பில் தூரத்து உறவு ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டிலும் ஒரே அறைதான். அதிலும் மாளா இருந்தது. அதிலும் ஆள் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது பிரம்மநாயகம் லட்டுக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். பெரிய சைஸ் வேண்டுமாம். அந்த வாரம் முழுக்க விஜி சமைத்த வீடுகளில் உப்பு ஒரு நாள் கூடிற்று, ஒரு நாள் இல்லாமலே போயிற்று. பாத்திரம் விழுந்தால் திடுக்கிட்டாள். ஷாலினி மாளாவின் ஓரத்தில் தலையை மட்டும் நீட்டி, "நீ சொன்னியாம்மா?" என்று ஒரு தரம் கேட்டாள். விஜி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஷாலினி அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அன்று மேலே கத்தரிக்கோல் சத்தம் விடாமல் கேட்டது.

ஞாயிறு மாலை மண்டபம் நிரம்பிவிட்டது. முன்னால் ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில். பின்னால் பெண்கள் ஜமுக்காளத்தில். மழை தகரக் கூரையில் அறைந்துகொண்டிருந்தது. பிரம்மநாயகம் மைக்கில் இருமிச் சோதித்துவிட்டு, டெல்லியே நம் தெருவை அண்ணாந்து பார்க்கிறது என்று தொடங்கி, கல்வியின் மேன்மையைப் பற்றி வெகுநேரம் பேசினார். அவர் நான்காவது வரை படித்தவர்.

ஹரி எழுந்தான். முன்னுரை, நன்றியுரை, ஆய்வுமுறை என்று அவன் பக்கங்களைப் புரட்டப் புரட்ட, ஆண்கள் ஒன்றும் புரியாத திருப்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். விஜி தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். ஹரி ஒரு பக்கத்தில் நின்றான்.

"இது ஒரு அம்மா சொன்னது. படிக்கவா அண்ணாச்சி?"

"படி, படி. அதான முக்கியம்" என்றார் பிரம்மநாயகம்.

ஹரி இங்கிலீஷை மனசுக்குள் படித்து, வாயால் தமிழாக்கிக்கொண்டே போனான். "'உங்க பொண்ணு எங்க'ன்னு கேட்டோம். 'ஊருக்குப் போயிருக்கா'ன்னு அம்மா சொன்னாங்க. மதலப், அதாவது, வாய் அப்படிச் சொல்லிச்சு. ஆனா கை மேல போச்சு. மாளாவக் காட்டிச்சு. அப்பறம் மெதுவா சொன்னாங்க, 'மேலதான் இருக்கா. நாம பேசுறது அவளுக்குக் கேக்கும். பத்தாவது எழுதணும்னு அழுவா. எழுத விட்டா மாப்பிள்ளை கிடைக்காதுன்னு ஆம்பளைங்க சொல்றாங்க. எனக்கு அந்த ஆம்பளைங்களைக் கண்டா…'"

அங்கே ஹரி நிறுத்திவிட்டான். அவன் தங்கை ஊருக்குப் போய் ஒரு வருஷமாகிறது. அவன் போட்டிருந்த சட்டையை அன்று மத்தியானம் இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

"கண்டா?" என்றார் பிரம்மநாயகம்.

"பயம்மா இருக்குன்னு போட்டிருக்கு அண்ணாச்சி."

தூணுக்குப் பின்னால் விஜி கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது தன் பெயரைச் சொல்வார்கள். இப்போது அத்தான் திரும்புவார்.

"யாரு வீடுன்னு போட்டிருக்கா?" பிரம்மநாயகத்தின் குரல் மைக்கில் கரகரத்தது.

"பேரு இல்ல. 'தாய் ஏழு'ன்னு மட்டும்தான்."

ஏழாம் நம்பர் வீட்டுக்காரன் பூலோகம். எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பிற்று. பூலோகம் நாற்காலியோடு சேர்ந்து எழுந்துவிட்டான். "என் வீட்டுலயா? எம் பிள்ள நெசமாவே ஊர்லதான் இருக்கா. எங்க அம்மா மேல சத்தியம்."

"நேத்து காலையில குழாயடியில நின்னாளே" என்றது ஒரு குரல்.

யாரோ சிரித்தார்கள். பூலோகம் அந்தக் குரலைக் கண்டுபிடித்தான். "ஏன், உம்ம மக மட்டும் தென்காசியிலயா இருக்கா? முந்தாநாத்து ராவு உம்ம மாளாவுல இருமுனது யாருவே?"

சிரிப்பு நின்றது. அந்தக் கணத்தில் மண்டபத்தில் ஒரு விநோதம் நடந்தது. ஆண்கள் ஒவ்வொருவராகப் பின்னால் திரும்பி, ஜமுக்காளத்தில் தன் பெண்டாட்டியைத் தேடினார்கள். தேடிக் கண்டுபிடித்து, அவள் முகத்தைப் பார்த்தார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எந்த முகத்திலும் தெரியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த முகங்களில் என்ன எழுதியிருக்கிறதென்று படிக்கப் பழகாதவர்கள் அவர்கள். அது தன் வீட்டு மாளாதான், கையைத் தூக்கியவள் தன் பெண்டாட்டிதான் என்று ஒவ்வொருவனுக்கும் நிச்சயமாகப் பட்டுவிட்டது.

"பொய் எழுதியிருக்கா அண்ணாச்சி" என்றார் பேச்சிராஜா. அவர் பட்டறை பேண்டுகள் எல்லா மாளாவிலும் இருந்தன. "இதப் போயி நோண்டிக்கிட்டு. விட்டுருங்க."

"விடுங்க, விடுங்க" என்று நாலா பக்கமும் எழுந்தது. விசாரணை வேண்டுமென்று ஒருவரும் கேட்கவில்லை. யார் வீடென்று தெரிந்துகொள்ள ஒருவருக்கும் ஆசையில்லை. சங்கம் அங்கேயே ஒரு தீர்மானம் போட்டது: நமது தெருவில் எந்தப் பெண்ணும் மாளாவில் இல்லை, எல்லாரும் ஊரில் சுகமாக இருக்கிறார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. லட்டு ஏற்கெனவே வந்துவிட்டதால் அதுவும் வழங்கப்பட்டது.

விஜிக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லா வீட்டுக் கதையும் ஒன்றாக இருந்ததால் அவள் தப்பித்திருந்தாள். சாருலதா போட்ட 'ஏழு' என்ற நம்பரோ டெல்லி இலாகாவோ அவளை மறைக்கவில்லை. கூட்டத்தில் தொலைந்து தப்பியிருக்கிறோம் என்பது புரிந்தபோது, பயம் போன இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. அது இன்னும் கனமாக இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் அத்தானின் குரல் கேட்டது. விஜி கையில் தீப்பெட்டியோடு நின்றுவிட்டாள். மைக்கில் பேசிய குரல் இல்லை அது.

"ஏ மீனாட்சி. அது நீயா?"

பிரம்மநாயகத்தின் ஒரே மகள் மூன்று வருஷம் மாளாவில் இருந்துவிட்டு, குர்லாவில் ஒரு பட்டறைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அவளுக்கு வந்த கடிதத்தைக்கூட மாமியார்தான் பிரித்துப் படிக்கிறாளாம்.

"நான் சொல்லல" என்றாள் மீனாட்சியம்மாள். பிறகு, சோற்றுக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில், "சொல்லியிருக்கணும். நம்ம பிள்ள மேல கெடந்தப்பவே யாருட்டயாது சொல்லியிருக்கணும்."

விஜியைக் கேட்க வேண்டும் என்று பிரம்மநாயகத்துக்குத் தோன்றவே இல்லை. அவள் பயந்தவள் என்பது அவர் எப்போதோ எடுத்த முடிவு. கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பைத் தேடுகிற சத்தமும், அவர் வெளியே போகிற சத்தமும் கேட்டன.

தடுப்பில் விரலால் தட்டினாள் மீனாட்சியம்மாள். "விஜி."

"என்னக்கா?"

"அன்னைக்கு நீ மெதுவாத்தான் சொன்ன. ஆனா இந்தப் பலகை மெலிசு." கொஞ்சம் நின்று சொன்னாள். "நாளைக்குப் பிள்ளய எறக்கு. ஏணிய நான் பிடிச்சிக்கிடுதேன்."

திங்கட்கிழமை காலை ஷாலினி இறங்கினாள். பள்ளிக்கூடத்து நீலப் பாவாடை கணுக்காலுக்கு ரொம்ப மேலே நின்றது. முதுகு நிமிர்வதற்கு அவளுக்குச் சற்று நேரமாயிற்று. அதுவரை மீனாட்சியம்மாள் ஏணியை விடவில்லை.

வாசலில் பிரம்மநாயகம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூவரையும் பார்த்தார். "எங்க?" என்றார்.

விஜிக்குப் பயம் திரும்பி வந்துவிட்டது. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ள ஊர்லேர்ந்து வந்துட்டா அத்தான். ஸ்கூலுக்குப் போறோம்."

பிரம்மநாயகம் வாயைத் திறந்தார். நேற்று ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஊரில் இருக்கிற பெண் திரும்பி வரக்கூடாது என்று அதில் எங்கும் சொல்லியிருக்கவில்லை. அவர் காலை மடக்கி வழிவிட்டார்.

பள்ளிக்கூடத்து ஆபீஸ் வராந்தாவில் ஏற்கெனவே சிலர் நின்றிருந்தார்கள். பூலோகத்தின் மனைவி. ஹரியின் அம்மா. இன்னும் சிலர், எல்லாம் அந்தத் தெருதான். ஒவ்வொருத்தி பக்கத்திலும் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, குட்டையாகிப்போன பாவாடையில் ஒரு பெண். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. குடைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. விஜி போய் வரிசையின் கடைசியில் நின்றாள். பூலோகத்தின் மனைவி அவளைப் பார்த்து, லேசாக நகர்ந்து, தனக்கு முன்னால் இடம் விட்டாள்.

கிளார்க் ஜன்னலைத் திறந்தார். மரியாதையான மனிதர். என்ன விஷயம் என்று கேட்டார். ஊரிலிருந்து பிள்ளைகள் வந்துவிட்டார்கள், பத்தாவதில் சேர்க்க வேண்டும் என்றார்கள்.

தமிழ்வழிப் பத்தாம் வகுப்பை, பிள்ளைகள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டதால், ஜூன் மாதமே மூடியிருந்தார்கள்.